மச்சான் குரல்

பிப்ரவரி 11

சகலைக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்த கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியும் நாற்றம் போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

மச்சானுடைய வீடியோ கேம் பெட்டியைத் திறந்தால், உள்ளே கரப்பான்பூச்சிகள் தலைமுறை தலைமுறையாய்க் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. செத்தது, கழித்தது, முட்டை ஓடு எல்லாம் மதர்போர்டின் மேல் ஒட்டிக்கிடக்கிறது. கெப்பாசிட்டர்கள் ஒழுகி, கெட்டுப்போன மீன் வாடை அடிக்கிறது. அவன் செத்ததிலிருந்து உன் பரணில் கிடந்த பெட்டி இது. ஒரு துணியைப் போட்டு மூடி வைக்கக்கூட உனக்குத் தோன்றவில்லையா? "இத மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் என் பெண்டாட்டி. அவள் அம்மா இருப்பதே இந்தப் பெட்டி வந்த உன் வீட்டில்தான் என்று நினைவுபடுத்தினேன். மூக்கைப் பொத்தியபடி உள்ளே போய்விட்டாள்.

போனில் பேசலாமே என்று கேட்காதே. பேசினால் கத்துவேன். மச்சான் தன் கையால் கட்டிய எக்ஸ்பான்ஷன் போர்டை வயர்க் குப்பை என்று பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்தவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. எழுதுவதும் மச்சானைப் பெற்ற அத்தைக்காகத்தான்.

நிலைமை இதுதான். அத்தை ஆட வேண்டும் என்று அவன் எழுதிய கேம், பெட்டியில் கேசட்டை மட்டும் போட்டால் ஓடாது. பெட்டிக்கு அவ்வளவு மெமரி கிடையாது, பேசவும் தெரியாது. அடிப்பக்கத்து ஸ்லாட்டில் அவன் போர்டைச் செருகினால்தான் கேம் முழுதாக ஓடும், நடுவில் அவன் குரலும் வரும். போட்டோ எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன். அவன் குரல் வேறெங்கேயும் பதிவாகவில்லை. அத்தைக்கு ஒரு காது போய்விட்டது, இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. கேட்கிற காது இருக்கும்போதே கேட்க வைக்க வேண்டும். அதற்காக ஒரு புது போர்டு கட்டப் போகிறேன்.

லிப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு வயரும் சிப்பும் தெரியும், புரோகிராம் தெரியாது. நீதான் ஆபீசில் அதை எழுதிக் கிழிக்கிறாயே, உன்னிடம் உள்ள கேசட்டுக்குள் இருப்பதைப் படித்து, அது போர்டோடு எப்படிப் பேசுகிறது என்று எழுதி அனுப்பு.

மூத்த சகலை


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கரப்பான்பூச்சிகளை நான் வாடகைக்கு வைக்கவில்லை. பரணில் ஏற்றச் சொன்னது உங்கள் மச்சினிச்சி. அவளிடம் உங்கள் வீரத்தைக் காட்டிப் பாருங்கள்.

கேசட்டைப் படித்துவிட்டேன், உங்களுக்கும் ஒரு நகல் கேசட் இத்துடன் வருகிறது. மெமரி விஷயம் எளிது, தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். கேமும் பெரிய கதை இல்லை. ஒரு அம்மா மழையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீடு வர வேண்டும். குட்டையைத் தாண்ட வேண்டும், பஸ் தெறிக்கும் சேற்றுக்கு ஒதுங்க வேண்டும். தோற்றால் குரல் பேச வேண்டும்.

அந்தக் குரல்தான் வரமாட்டேன் என்கிறது. கேசட்டுக்குள் குரலுக்கென்று இருக்கும் சிப்பில் உள்ளதை எடுத்து என் கம்ப்யூட்டரில் ஓடவிட்டால், தொண்டையில் சளி கட்டியவன் வாய் கொப்பளிக்கிற சத்தம் வருகிறது. கேட்கவே குமட்டுகிறது. அவன் வயர்களை எந்த வரிசையில் மாற்றிப் போட்டானோ, அது அந்த போர்டோடு போய்விட்டது.

ஆமாம், தூக்கிப் போட்டது நான்தான். குளியலறை ஓட்டையிலிருந்து இழுத்த முடிக்கற்றை மாதிரி இருந்தது அண்ணா, யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். நீங்கள் அங்கே சௌகரியமாகத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "மாப்பிள்ள, என்னாச்சு, பேசுவானா?" என்று அத்தை வாசலில் நிற்கிறார். காதுக்கருவியை எடுத்துத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட உட்கார வேண்டும்.

இளையவன்


மார்ச் 9

சகலைக்கு,

பேசிவிட்டான்.

மச்சான் வேலை செய்கிற லட்சணம் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சிப்பை நேராக வைத்து அவன் எதையும் கட்டினதில்லை. கவிழ்த்துப் போட்டு, முதுகில் பசை தடவி ஒட்டுவான். கால்களெல்லாம் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும், செத்த கரப்பான்பூச்சியேதான். பிறகு கைக்கு எட்டுகிற காலில் எட்டுகிற வயரை வைத்துப் பற்றவைப்பான். "ஏண்டா இப்படி அசிங்கமா பண்ற?" என்று கேட்டால், "அண்ணே, ஓடுதா இல்லையா, அதச் சொல்லு" என்பான்.

கவிழ்த்தால் இடது வலதாகும், வரிசை தலைகீழாகும். அந்த வரிசைப்படி நானும் மாற்றிப் போட்டேன். கொப்பளிப்பு நின்றுவிட்டது, குரல் வந்தது. பெருக்கிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். "அவனேதான்" என்றாள்.

என்ன சொன்னான் என்று உனக்கு எழுதமாட்டேன். அத்தை முதலில் கேட்கட்டும்.

பெட்டியைச் சுத்தம் செய்து, கெப்பாசிட்டர்களை மாற்றி, போர்டோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். என்னிடமுள்ள இதே மாடல் பெட்டியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. உன் வீட்டு வழக்கப்படி இதன் மேல் குழம்புக் கிண்ணத்தை வைக்காதே.

மூத்த சகலை


மார்ச் 18

அண்ணா,

ஓடவில்லை.

முதல் படம் வந்தது. அந்த அம்மா கடையிலிருந்து இறங்கியதுமே பால் பாக்கெட் கோடு கோடாகக் கிழிந்தது, திரை முழுக்கக் குப்பை, அப்புறம் அதே கொப்பளிப்பு, கடைசியில் அசையாமல் நின்றுவிட்டது. ஸ்லாட்டைத் துடைத்தேன், அடாப்டரை மாற்றினேன், டிவியையும் மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதே கதி.

அத்தை குளித்துவிட்டு, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கொப்பளிப்பு வந்தபோது காதுக்கருவியைப் பிடித்துக்கொண்டு, "இதுவா? இதுவா பேசறது?" என்று கேட்டார்.

உங்கள் ஈயம் வைத்த அழகை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எச்சில் துப்பின மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கிறது. இதில் மச்சானை அசிங்கமாய்ப் பண்ணினான் என்று சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வந்தது?

இளையவன்


மார்ச் 25

இங்கே ஓடுகிறது. இதே மாதிரி கட்டி என்னிடம் வைத்துக்கொண்ட போர்டு நேற்றும் ஓடியது, இன்று காலையும் ஓடியது. கோளாறு உன் வீட்டில்தான். லிப்ட் நின்றால் பட்டனைக் குத்திக் குத்தி அழுத்துகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நீ. எதையோ செருகத் தெரியாமல் செருகியிருப்பாய். இன்னொரு போர்டு அனுப்புகிறேன். இதையாவது வெறுங்கையால் தடவாதே, உன் கை எப்போதும் பிசுபிசுப்பு.

மூத்த சகலை


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு நல்ல சேதி. உங்கள் இரண்டாவது போர்டு முதல் தடவையிலேயே ஓடிவிட்டது! அத்தை கேட்டுவிட்டார். கண்ணீர் விட்டு அழுதார். தினமும் ஆடுகிறார், வேண்டுமென்றே குட்டையில் விழுந்து விழுந்து கேட்கிறார். மச்சானின் குரல் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. எல்லாம் உங்கள் கைவண்ணம். நமக்குள் நடந்ததை மறந்துவிடுவோம். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் அன்புத் தம்பி


ஏப்ரல் 13

சகலைக்கு,

உன் கடிதத்தைப் பெருமையாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். வேலை செய்கிற இடத்தில் கூட்டாளியிடம்கூடக் காட்டினேன். அதை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

என் மேசையில் ஒரு ஸ்கோப் இருக்கிறது, உனக்குத் தெரியும். வயரில் ஓடுகிற சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி. அதன் கொக்கியை, போர்டில் மெமரிக்கு எழுதச் சொல்லும் வயரில் மாட்டியபடியே கட்டினேன், மாட்டியபடியே ஓட்டினேன். அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பது என் வழக்கம். முந்தாநாள் ஒரு லிப்ட் கதவு சதா திறந்து திறந்து மூடுகிறது என்று ஸ்கோப்பை அங்கே எடுத்துப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து, ஸ்கோப் இல்லாமல் கேமைப் போட்டேன். பால் பாக்கெட் கோடு கோடாகக் கிழிந்தது, கொப்பளித்தது, நின்றது. நீ எழுதியிருந்தாயே, அச்சு அசலாக அதேதான்.

கொக்கியை மாட்டினால் ஓடுகிறது, கழற்றினால் செத்துவிடுகிறது. அந்த வயரில் சிக்னல் அடங்காமல் துள்ளுகிறது. ஒரு தடவை எழுதச் சொன்னால் அந்தத் துள்ளலில் இரண்டு மூன்று தடவை எழுதிவிடுகிறது. கொக்கி தொங்கும்போது அதன் பாரத்தில் துள்ளல் அடங்கிவிடுகிறது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டினதுதான் சரியாக ஓட வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் கட்டியதெல்லாம் குப்பை. எத்தனை நாள் உன்னைத் திட்டினேன்! அது என் தப்பு.

இப்போது நீ சொல். உனக்கு அனுப்பிய இரண்டாவது போர்டிலும் அதே கோளாறுதான். உன் வீட்டில் ஸ்கோப் கிடையாது. அந்த போர்டு அங்கே ஓட வழியே இல்லை.

அத்தையிடம் பேசியது யார்?


ஏப்ரல் 21

அண்ணா,

நான்தான்.

இரண்டாவது போர்டும் அதே மாதிரி கொப்பளித்த அன்றைக்கு, அத்தை காதுக்கருவியைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டு மூடினார். "இனிமே எனக்கு என்னத்தக் கேக்கணும், போதும்" என்றார். அப்புறம் நாங்கள் கூப்பிட்டால் திரும்புவதில்லை. சாப்பாட்டுக்குத் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. நீங்களானால் "இங்கே ஓடுகிறது" என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

மச்சான் பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டு, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை உள்ளே வைத்தேன். பழைய பெட்டியைப் போலவே நடிக்கிற புரோகிராம் அதில் இருக்கிறது. படம், குட்டை, பஸ் எல்லாம் அவன் எழுதியதுதான். குரலுக்குத்தான் வழியில்லை. என்ன பேசினான் என்று நீங்களும் சொல்லவில்லை. அதனால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை வைத்துப் பொத்தி, நானே பேசிப் பதிவு செய்தேன். "அம்மா, நல்லா இருக்கியா? கவலப்படாதம்மா, மறுபடியும் ஆடு." அதைக் கொஞ்சம் கரகரப்பாக்கினேன். அவ்வளவுதான்.

என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அடுக்களையிலிருந்து கேட்டவள், "அவன் அம்மாகிட்ட எப்ப இவ்ளோ பணிவாப் பேசினான்?" என்று மட்டும் கேட்டாள். நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

காறித் துப்புவீர்கள், தெரியும். ஆனால் அத்தை இப்போது கருவியை மாட்டிக்கொள்கிறார், கூப்பிட்டால் திரும்புகிறார், இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுகிறார். உங்கள் போர்டால் இதில் எது நடந்தது?

இளையவன்


ஏப்ரல் 28

எழுதப் பிடிக்கவில்லை. பேனாவைத் தொடவே கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் கரப்பான்பூச்சிக் கழிவைச் சுரண்டி எடுத்தேனே, அது இதைவிடச் சுத்தம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பொம்பளையின் காதுக்குள், வாயில் துண்டை வைத்துக்கொண்டு, அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாய். அவர் அழுததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். அதைக் கண்ணீர் விட்டு அழுதார் என்று எனக்கு சந்தோஷமாக எழுதவும் செய்திருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் பெண்டாட்டி, அந்த வீட்டுப் பெரியவள், அடுப்பை அணைத்துவிட்டாள். அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. "அந்தாளு வாயில வச்ச அந்தத் துண்டுலதானே எங்கம்மாவும் முகம் துடைப்பாங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவர் சாப்பிடுகிறார் என்று கணக்குக் காட்டாதே. யாருக்காகச் சாப்பிடுகிறார்? உன் புளுகுக்காக.

இத்துடன் புது போர்டு வருகிறது. அந்த வயரில் அரிசி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர் சேர்த்திருக்கிறேன், துள்ளல் அடங்கிவிட்டது. ஸ்கோப்பை அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது. மச்சான் பெட்டியின் உள்சாமானைப் பையிலிருந்து எடுத்து இருந்தபடியே மாட்டு. இந்த போர்டைச் செருகு. அத்தையை உட்கார வை, கேட்க வை. பிறகு முன்பு பேசியது நான் என்று உன் வாயாலேயே சொல். நீ சொல்லாவிட்டால் பெரியவள் வந்து சொல்வாள்.


மே 10

அண்ணா,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போர்டு ஓடியது. ஒரு கோடுகூட விழவில்லை. அத்தை முதல் குட்டையிலேயே வேண்டுமென்று விழுந்தார். டிவிக்குள்ளிருந்து மச்சான் கத்தினான்: "போச்சு! பால் போச்சு! என்னம்மா நீ, கண்ண எங்க வச்சிட்டு நடக்கற?" அப்புறம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பும் அதில் இருக்கிறதென்று நீங்கள் எழுதவில்லை. அடுக்களையில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. சின்னவள் ஈரக்கையோடு ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அத்தை முகத்தைச் சுளித்தார். கருவியைத் திருகினார், இன்னொரு தடவை விழுந்தார். அவன் இன்னொரு தடவை கத்தினான், சிரித்தான்.

"யாரு இவன்?" என்றார்.

"உங்க புள்ளதான் அத்த."

"என் புள்ளயா? என்ன இவன், மரியாதையில்லாம கத்தறான், இளிக்கறான். என் புள்ள என்கிட்ட இப்படிப் பேசுவானா? நல்லா இருக்கியாம்மான்னு கேட்டுட்டுத்தான் அடுத்த பேச்சே பேசுவான். நிறுத்துங்க இத. அந்தப் பழசப் போடுங்க."

"அம்மா, அவன் எப்பவும் இப்படித்தானே பேசுவான்" என்றாள் சின்னவள். அத்தைக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. கேட்கிற காது டிவி பக்கம் இருந்தது.

நான் அவர் காலடியில் உட்கார்ந்து, நல்ல காதுப் பக்கம் வாயை வைத்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். "அத்த, பழசுல பேசினது நான். குளியலறையில உக்காந்து நானே பேசிப் பதிவு பண்ணினேன். இதுதான் உங்க புள்ள." அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்து, வாயைப் பொத்திக்கொண்டு, அவர் முன்னாலேயே பேசிக் காட்டினேன். "அம்மா, நல்லா இருக்கியா? கவலப்படாதம்மா, மறுபடியும் ஆடு." அச்சு அசலாக அதே குரல். சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சீ" என்றார். "செத்துப் போனவன் குரலயும் உங்களோடதுன்னு சொல்லிக்கணுமா மாப்பிள்ள? அவன் போர்டத் தூக்கிப் போட்டீங்க, அப்பவும் நான் வாயத் திறக்கல. இப்ப அவன் பேசறதயும் புடுங்கிக்கப் பாக்கறீங்களா? என்ன மனுஷன் நீங்க?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் மறுபடியும் கருவியைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டார். ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். சாப்பாடு வைத்தது வைத்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் மச்சான் பெட்டியின் உள்சாமானை மறுபடி பைக்குள் போட்டு, அந்த உள்ளங்கைக் கம்ப்யூட்டரை உள்ளே வைத்தேன். உங்கள் போர்டு அதோடு பத்திரமாக இருக்கிறது. அண்ணி வந்து சொல்வதானால் வரட்டும், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் அவரிடமும் அத்தை இதையேதான் சொல்வார்.

நேற்று சாயங்காலம் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது அறையைக் கடந்து போனேன். என்னைக் கண்டதும் காலை ஒதுக்கிக்கொண்டார். குட்டையில் விழுந்துவிட்டு, டிவியைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மாப்பிள்ள வாயில துணிய வச்சிக்கிட்டு உன்ன மாதிரியே பேசிக் காட்டறாருப்பா. பாக்கவே அருவருப்பா இருக்கு."

"கவலப்படாதம்மா" என்றேன் நான், பெட்டிக்குள்ளிருந்து. "மறுபடியும் ஆடு."

இளையவன்